ஊருணியில் முளைத்த ஏழு தூண்

கிட்ட வந்து உட்காருங்கள், இன்னும் கொஞ்சம் கிட்ட. தண்ணீரைப் பற்றிய கதை இது, தூரத்தில் இருப்பவர்களுக்கும் கேட்கிற மாதிரிச் சத்தம்போட்டுச் சொன்னால் பாதியிலேயே தொண்டை வறண்டுபோகும், அப்புறம் நான் எழுந்து செம்பைத் தேடவேண்டும், கதை அங்கேயே நின்றுவிடும்.

எங்கள் ஊர் நரிப்பொட்டல். முதுகுளத்தூர் ரோட்டில் ஊர்ப்பாதை பிரிகிற விலக்கில் இறங்கி, கருவேலங்காட்டு வழியே இரண்டு மைல் உள்ளே நடந்தால் வரும். நூற்றிப் பத்து வீடு, ஒரு ஊருணி. மாசி பிறந்தால் அந்த ஊருணி வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கும், அப்போதிருந்து ஐப்பசி வரைக்கும் எங்களுக்குத் தண்ணீர் என்றால் சவரிமுத்து ஓட்டிவருகிற லாரிதான், நாலு நாளைக்கு ஒருதரம், வீட்டுக்கு நாலு குடம். அப்படிப்பட்ட ஊரில் வந்து பிறந்தான் பூவலிங்கம், ஒரு நாளைக்கு இரண்டு குடம் தண்ணீர் குடிக்கிறவன்.

குடிப்பான், குடித்தது அப்படியே வடிந்து வெளியேறும், நாக்கு வறளும், மறுபடி குடிப்பான், அதுவும் வடியும். பால்குடி மறந்த நாளிலிருந்து இருபத்தாறு வயது வரைக்கும் இதே பாடு. ஒரு வேளை தண்ணீர் இல்லையென்றால் கண் உள்ளே போய்விடும், ஒரு நாள் முழுக்க இல்லையென்றால் ஆள் இருக்கமாட்டான் என்று மதுரை டாக்டர் ஜெபராணி அம்மா சீட்டில் எழுதியே கொடுத்திருந்தார். அதனால் ஊரில் ஒரு வழக்கம் உண்டாயிற்று. லாரியில் பிடித்த குடத்தை வீட்டுக்குள் வைப்பதற்கு முன்னால், எந்த வீடானாலும், ஒரு செம்பு மொண்டு பூவலிங்கம் வாசலில் நிற்கிற நீலப் பீப்பாயில் ஊற்றிவிட்டுத்தான் போகவேண்டும். யார் ஆரம்பித்தது என்று கேட்டால் தெரியாது. அந்த வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லாதவர்கள்கூட முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, செம்பை மட்டும் இந்தப் பக்கம் கவிழ்த்துவிட்டுப் போவார்கள்.

அவனுக்கு இருந்தது ஒரே ஒரு அக்கா, தங்கபுஷ்பம். தாய் தகப்பன் போனபிறகு அவள்தான் எல்லாம். கமுதி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு பல் ஆஸ்பத்திரியில் பின்னறையில் உட்கார்ந்து பல் கட்டுகிறவள். வாய்க்குள் மெழுகை அழுத்தி அச்சு எடுத்து, மாவுக்கட்டு மாவைக் கரைத்து ஊற்றி, ரோஸ் நிறப் பொடியைக் குழைத்து ஈறு பிடித்து, பல் பதித்து, அரத்தால் ராவி ராவி அவள் கட்டிக் கொடுக்கிற பல் செட்டைப் போட்டுக்கொண்டு எங்கள் தாலுகாவில் கரும்பு கடிக்கிற கிழவர்கள் எத்தனையோ பேர். எட்டாவதுக்கு மேலே படிக்கவில்லை. ஆனால் விரலை வாய்க்குள் விட்டால் எந்தப் பல் எந்தப் பல்லோடு கோபமாக இருக்கிறது என்று சொல்லிவிடுவாள்.

அந்த வருசம் லாரி எட்டு நாளைக்கு ஒருதரம் ஆகிவிட்டது, குடம் மூன்றாகிவிட்டது. பீப்பாயில் விழுந்த செம்பு முதலில் பாதிச் செம்பாயிற்று, அப்புறம் டம்ளராயிற்று. பூவலிங்கமே ஒருநாள் அக்காவிடம், தன்னை எங்காவது ஆற்றங்கரை ஊரில் கொண்டுபோய் விட்டுவிடு, கோயில் வாசலில் உட்கார்ந்தாவது பிழைத்துக்கொள்கிறேன், ஊர்ப் பிள்ளைகள் தண்ணீரைக் குடித்துக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை என்று சொன்னான். அவள் தன் பங்குத் தண்ணீரையும் அவன் செம்பில் ஊற்றிவிட்டு வேலைக்குப் போனாள்.

அந்த வாரம்தான், சித்திரை மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், காய்ந்துபோன ஊருணிக்கு நடுவில் அது நின்றது.

எப்படி இருந்தது என்று சொல்கிறேன். வடக்கயிறு பருமனுக்கு ஒரே ஒரு கயிறு, தலைப்பு மேலே, வால் கீழே. அந்த ஒரே கயிறு மேலேயிருந்து கீழே இறங்கி, திரும்பி மேலே ஏறி, மறுபடி இறங்கி, துணியில் ஊசி போய்வருகிற மாதிரி ஏழுதரம் போய்வந்திருந்தது. போகிற இடமெல்லாம் சுருள் சுருளாக முறுக்கிக்கொண்டு பனைமரத் தூண் கணக்காக நின்றது, ஆக ஏழு தூண், வட்டமாக. தூண்களின் இடுப்பைச் சுற்றி ஆட்டுக்கொழுப்பு மாதிரி வெள்ளையாக ஒரு தடித்த அடுக்கு, ஒரு ஆள் உயரத்துக்கு. மேலே மூன்று வளைவு, கீழே மூன்று வளைவு, ஏழு தூணுக்கும் நடுவில் உரல் மாதிரி ஒரு குழி. காற்றே இல்லாதபோதும் அது லேசாக ஆடிக்கொண்டே இருந்தது, நின்ற இடத்திலேயே மூச்சு விடுகிற மாதிரி.

ஊர் என்ன செய்யும். முதல் நாள் எல்லோரும் பார்த்தோம். இரண்டாம் நாள் மேல் வளைவில் சேலை காயப்போட்டோம், நல்ல உயரம், சீக்கிரம் காய்ந்தது. பூசாரி வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, ஏழு காலோடு எந்தச் சாமியும் தனக்குத் தெரிந்து இல்லை, ஆனால் இல்லையென்று அடித்துச் சொல்லவும் தன்னால் முடியாது என்று சொல்லி, தற்சமயத்துக்கு ஒரு எலுமிச்சம்பழம் வைத்தார். பஞ்சாயத்துத் தலைவர் கோட்டைச்சாமி, இது புறம்போக்கில் நிற்பதால் ஆக்கிரமிப்பில் வருமா, மரக்கணக்கில் வருமா என்று தாலுகா ஆபீஸுக்கு மனு எழுதினார். சாயல்குடியிலிருந்து ஒருவர் நுங்கு வண்டியைக் கொண்டுவந்து அதன் நிழலில் நிறுத்திக்கொண்டார். அதற்குள் ஒரு விசயம் தெரிந்துபோயிற்று. வெள்ளாடு போய் அந்தக் கொழுப்பை நக்கினால், வீட்டில் படுத்திருக்கிற பூவலிங்கம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சேலையை இழுத்தால் அங்கே அவனுக்கு முதுகு இழுத்தது. ஆக, அது அவனுடையது என்று ஊர் புரிந்துகொண்டு, சேலையை எல்லாம் எடுத்துவிட்டது, ஒருத்தன் உடம்பில் துணி காயப்போடுவது முறையில்லை என்று.

இங்கேதான் எங்கள் ஊர் ஒரு தப்புச் செய்தது. சந்தையில் பிடித்துவந்த மாடோ, சீராக வந்த பீரோவோ, வெளியூரிலிருந்து எது வந்தாலும் கழுவித்தான் உள்ளே சேர்ப்பது எங்கள் பழக்கம். கழுவாமல் விட்டால் அதை ஏற்றுக்கொள்ளவில்லை என்று அர்த்தம். பூவலிங்கத்தின் பொருளை ஊர் ஏற்றுக்கொள்ளவில்லை என்று ஆகக்கூடாதே. அந்த வறட்சியிலும் வீட்டுக்கு ஒரு டம்ளர் என்று நூற்றிப் பத்து டம்ளர் தண்ணீரைச் சேர்த்து, சோப்புப் பவுடரைக் கரைத்து, தேங்காய் நாரை எடுத்துக்கொண்டு பெண்கள் இறங்கி, அந்த வெள்ளைக் கொழுப்பைச் சுரண்டிச் சுரண்டித் தேய்த்துக் கழுவிவிட்டார்கள். மத்தியானத்துக்குள் ஏழு தூணும் நனைந்த அப்பளம் மாதிரித் துவண்டு ஒன்றன்மேல் ஒன்று சரிந்தது. அங்கே வீட்டில் பூவலிங்கம் பீப்பாயில் இருந்ததை எல்லாம் குடித்துவிட்டு, போதாமல் மயங்கி விழுந்தான்.

சேதி கேட்டு ஜெபராணி அம்மா மதுரையிலிருந்து ஓடிவந்தார். அவனுக்கு ஊசி ஏற்றி ஆளைத் திருப்பிவிட்டு, ஊருணிக் கரைக்கு வந்து நின்று பார்த்தார்.

"யாரும்மா இதைச் சோப்புப் போட்டுக் கழுவினது?"

"நாங்கதான், டாக்டரம்மா. அழுக்கா இருந்துச்சு."

"அது அழுக்கு இல்லம்மா. அதுக்கு அதுதான் சுவரு. கொழுப்புக்குள்ள இருந்தாத்தான் இது நிக்கும்."

அவ்வளவுதான் சொல்லவேண்டியிருந்தது. விளக்கெண்ணெய், நல்லெண்ணெய், புங்கெண்ணெய், நெய் இருந்தவர்கள் நெய், கறிக்கடை ராவுத்தர் ஒரு தகரம் நிறைய ஆட்டுக்கொழுப்பு, தலைக்குத் தேய்க்க வைத்திருந்த எண்ணெய்கூட, ஊரே கொண்டுவந்து இளஞ்சூட்டில் ஊற்றி ஊற்றிப் பூசியது. ஒரு வாரம் எங்கள் வீடுகளில் தாளிப்பே கிடையாது. ஏழாம் நாள் அது ஒவ்வொரு தூணாக எழுந்து, தன் இடத்தைத் தானே தேடிக்கொண்டு, பழையபடி வட்டமாக நின்றது. பெண்கள் அதனிடம் மன்னிப்புக் கேட்டார்கள், அப்படியே வீட்டுக்குப் போய்ப் பூவலிங்கத்திடமும்.

அவனைப் பார்த்துக்கொள்ள ஊரிலேயே தங்கிவிட்ட டாக்டரம்மா, அப்புறம் கரையில் உட்கார்ந்து எல்லோருக்கும் சொன்னார். மனுச உடம்பு கோடிக்கணக்கான சின்னச் சின்ன அறைகளால் ஆனதாம், ஒவ்வொரு அறைக்கும் கொழுப்பால் ஆன தோலாம், அந்தத் தோலில் கண்ணுக்குத் தெரியாத அளவில் இந்த மாதிரி ஆயிரக்கணக்கில் நிற்குமாம். ஏற்பி என்று பெயராம். மூளையிலிருந்து ரத்தத்தில் மிதந்து வருகிற சேதி உள்ளே போகாதாம், வாசலில் இதன் குழியில் உட்காருமாம். உட்கார்ந்ததும் ஏழு தூணும் அடியில் கொஞ்சம் விலகி, கீழ்வால் உள்ளே அசைந்து, உள்ளே இருப்பவர்கள் தண்ணீர் மடையைத் திறந்து, வெளியே போகிற தண்ணீரைத் திரும்ப உடம்புக்குள் எடுத்துக்கொள்வார்களாம். இது சிறுநீரகத்தில் நிற்கிற ஏற்பி, பூவலிங்கத்துக்கு இது பிறவியிலேயே எங்கேயோ கோணல், சேதி வருகிறது, உட்கார முடியவில்லை.

சேதி வருவதை நாங்களும் பார்த்தோம். காலையிலும் சாயங்காலமும் இலவம்பஞ்சு மாதிரி ஆகாசத்தில் மிதந்து வரும், ஒன்பது பாசிமணி கோத்தது, ஆறு பாசி வளையமாக, மூன்று பாசி வாலாக. தண்ணீரை விடாதே, பிடித்து வை என்பதுதான் அந்தச் சேதி. வந்து குழி வாயில் முட்டும், முட்டும், அப்புறம் சோர்ந்துபோய்க் கீழே உதிரும். பிள்ளைகள் பொறுக்கி வளையல் மாதிரிக் கையில் போட்டுக்கொண்டார்கள்.

தங்கபுஷ்பம் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே குழியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் கமுதியிலிருந்து மெழுகும் மாவும், ஆஸ்பத்திரியில் ஒரு வருசத்துக்கு வாங்கி வைத்திருந்த ரோஸ் பொடி மொத்தமும் வந்து இறங்கின. கமுதியில் அப்புறம் ஒரு மாசம் யாருக்கும் பல் கட்டவில்லை, கல்யாண வீடுகளில் பெரியவர்கள் எல்லாம் பாயாசத்தோடு எழுந்துவிட்டார்கள் என்று கேள்வி.

ஏணி வைத்து ஏறினாள், மெழுகை இளக்கிக் குழிக்குள் அழுத்தினாள், அச்சு எடுத்தாள், சேதிக்குப் பதிலாக ரோஸ் நிறத்தில் ஒன்று செய்து இறக்கினாள். மயிரிழை இடைவெளி இல்லாமல் அப்படிப் பொருந்தி உட்கார்ந்தது, ஊரே கைதட்டியது. தூண் எதுவும் அசையவில்லை. சாயங்காலம் வந்த வளையங்கள் முட்டுவதற்குக்கூட இடமில்லாமல் அப்படியே திரும்பிப் போயின, பூவலிங்கத்துக்குக் கொஞ்சநஞ்சம் எட்டிக்கொண்டிருந்த சேதியும் அடைத்துப்போய் நாக்கு மரக்கட்டை ஆயிற்று. அவளே ஏறி அதைப் பிடுங்கி எறிந்தாள்.

கோட்டைச்சாமி, நல்லாத்தானே உட்கார்ந்தது என்று ஆறுதலாகக் கேட்டார்.

"உக்காந்தாப் போதுமா மாமா? பல்லுன்னா மெல்லணும்ல," என்றாள்.

இரண்டு நாள் வேலைக்குப் போகாமல், சோறு தின்னாமல், கரையிலேயே இருந்தாள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் பல் செட் சரிபார்க்கிற நீலத்தாளை எடுத்துவந்தாள். அதைப் பல்லுக்கு நடுவில் வைத்துக் கடிக்கச் சொல்வார்கள், எங்கே உறுத்துகிறதோ அங்கே மை ஒட்டும். ஏழு தூணின் உள்பக்கமும் நீலத்தாளை ஒட்டிவிட்டுக் காத்திருந்தாள். சாயங்காலம் வளையங்கள் வந்து முட்டிவிட்டுப் போனபிறகு ஏறிப் பார்த்தால், ஆறு தூணில் மை பூப்போல இருந்தது, மேல் தலைப்பிலிருந்து எண்ணினால் ஆறாவதாக வருகிற தூணில் மட்டும் ஒரே இடத்தில் அப்பிக் கிடந்தது. அந்தத் தூண் உள்பக்கமாக நாலு விரல் சாய்ந்திருந்தது. அவ்வளவுதான் கோளாறு. இருபத்தாறு வருசமாக ஊரே செம்பு செம்பாக ஊற்றியது அந்த நாலு விரலுக்காக.

அவள் இறங்கிவந்து டாக்டரம்மாவிடம் சொன்னதை நான் கிட்டத்தில் இருந்து கேட்டேன். "சேதிய நான் செய்ய வேணாம்மா. அது அவன் தலையிலேருந்து நல்லாத்தான் வருது. சாஞ்ச தூணுக்கு ஒரு முட்டுத்தான் குடுக்கணும். குழியில வேணாம், பக்கத்துல."

அம்மிக்குழவி அளவுக்கு ஒன்று செய்தாள், ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் வளைவு. ஆறாம் தூணுக்கும் பக்கத்துத் தூணுக்கும் இடையில், கொழுப்பு அடுக்குக்குக் கொஞ்சம் மேலே செருகினாள். தூண் முனகிக்கொண்டே நிமிர்ந்தது. அடுத்து வந்த முதல் வளையம், முட்டாமல், மோதாமல், தாய்மடியில் பிள்ளை உட்காருகிற மாதிரிக் குழிக்குள் போய் உட்கார்ந்தது. ஏழு தூணும் அடியில் விலகின, கீழ்வால் மண்ணில் ஒரு வீச்சு வீசியது. பூவலிங்கம் செம்பைப் பாதி குடித்துவிட்டு, மீதியைப் பார்த்து, என்ன செய்வது என்று தெரியாமல் அக்காவிடம் நீட்டினான்.

டாக்டரம்மா அன்றைக்கே அந்த முட்டுக்கட்டையை வெளியே எடுக்கச் சொல்லி, அதே அளவில் மாவில் ஒரு நகல் வார்த்து வைத்துக்கொண்டு, திரும்பச் செருகச் சொன்னார். இந்த வடிவத்தைப் பட்டணத்தில் தெரிந்தவர்களிடம் கொடுத்தால், கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறுக்கி மாத்திரையாகச் செய்யப் பார்ப்பார்கள் என்றார். ஊருக்குத் தலைகால் புரியவில்லை. பீப்பாய்த் தண்ணீர் வீட்டுக்கு வீடு திரும்பி வந்தது, இரண்டு மாசத்துக்குப் பிறகு பிள்ளைகளுக்குத் தலைக்கு ஊற்றினோம்.

மூன்றாம் நாள், டாக்டரம்மா கமுதிக்குப் போயிருந்த நேரத்தில், பூவலிங்கத்துக்கு முகம் பணியாரம் மாதிரி உப்பியது. தலை வலிக்கிறது என்றான், அக்காவை யாரென்று கேட்டான். மூன்று நாளாக அவன் ஒன்றுக்கு ஒதுங்கவே இல்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. முட்டு அவ்வளவு இறுக்கம், உட்கார்ந்த வளையம் எழுந்திருக்கவே இல்லை, மடை திறந்தது திறந்தபடி கிடக்க, உடம்பு தண்ணீரைப் பிடித்துப் பிடித்துத் தன்னையே முக்கிக்கொண்டிருந்தது. சிலபேர், உண்மையைச் சொன்னால் என்ன, நானும்தான், இன்னும் ஒரு நாள் பார்க்கலாமே என்றோம். தண்ணீர் ருசி அப்படி. தங்கபுஷ்பம் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மூன்று நாளில் முட்டு இறுகிப்போய், பிடுங்கினால் தூண் ஒடிந்துவிடும் போலிருந்தது. அரத்தை வாயில் கவ்விக்கொண்டு இரண்டு தூணுக்கு நடுவில் உடம்பை நுழைத்து, செருகியிருக்கும்போதே அதன் மேல்மூலையை ராவ ஆரம்பித்தாள். ராவுவாள், விரல் வைத்துப் பார்ப்பாள், மறுபடி ராவுவாள். ரோஸ் தூள் அவள் தலையெல்லாம் விழுந்தது. நகத்தளவு போனதும் முட்டு தானே நழுவிக் கீழே விழுந்தது, வளையம் எழுந்து காற்றோடு போயிற்று. அங்கே பூவலிங்கம் எழுந்து கருவேலமரத்துப் பக்கம் ஓடினான். ஊர் ஆண்பிள்ளைகள் பின்னாலேயே போய், முதுகைத் திருப்பிக்கொண்டு நின்று, சத்தத்தை வைத்து நேரம் கணக்குப் பண்ணி, முடிந்ததும் விசிலடித்தார்கள். அப்புறம் காலையில் செருகினால் சாயங்காலம் தானே விழும்படி அது படிந்துவிட்டது. கழட்ட முடியாத செட்டைக் கட்டிக் கொடுத்தவள் என்று தன்னை யாரும் சொல்லக்கூடாது என்று சிரித்தாள், அந்தச் சித்திரையில் அவள் சிரித்தது அதுதான் முதல்தரம்.

நாலைந்து நாள் அப்படியே போயிற்று. ஒருநாள் மத்தியானம் கிழக்கே கறுத்து, கோடைமழை பிடித்தது. எங்கள் ஆயுசில் அப்படி ஒரு சித்திரை மழை கிடையாது. ஊருணி ஒரு மணி நேரத்தில் நிறைந்தது. ஏழு தூணும் முட்டோடு சேர்ந்து தண்ணீருக்குள் இறங்கி, சர்க்கரை கரைகிற மாதிரி, வருத்தமில்லாமல் கரைந்து போயிற்று. எண்ணெய்ப் படலம் மட்டும் ஏழு நிறத்தில் கொஞ்ச நேரம் மிதந்தது. ஊருணி நிறைந்ததால் பூவலிங்கத்துக்கு இனி ஐப்பசி வரைக்கும் பயமில்லை. அதற்குள் மாத்திரை வந்தது, இன்றைக்கும் காலையில் ஒன்று விழுங்கிவிட்டுத்தான் அவன் சவரிமுத்துவின் லாரிக்குக் கிளீனராகப் போகிறான். சொல்ல மிச்சமிருப்பது ஒன்றுதான், மழைக்கு நடுவில் அவள் கடைசியாகச் செய்தது.

டாக்டரம்மா நகலைத் துண்டில் சுற்றிக்கொண்டு மதுரை பஸ் பிடிக்க விலக்குக்குக் கிளம்பிவிட்டார். தூண் கரைந்துபோன ஊருணியைப் பார்த்துக்கொண்டு நின்ற தங்கபுஷ்பம் சட்டென்று தலையில் கை வைத்தாள். அந்த நகல் முதல் நாள் வார்த்தது, ராவுவதற்கு முந்தினது. அப்படியே மாத்திரையாகி வந்தால் தம்பியை உள்ளேயே முக்கிக் கொன்றுவிடும். அரத்தை இடுப்பில் செருகிக்கொண்டு இரண்டு மைலும் சேற்றில் ஓடினாள். பஸ் நகரத் தொடங்கியிருந்தது. குறுக்கே போய்க் கையை விரித்து நின்றாள், டிரைவர் தலையை வெளியே நீட்டி, சாகறதுக்கு எங்க வண்டிதான் கிடைச்சுச்சா என்று கேட்டார். அவள் ஏறினாள், ஈரத்தோடு டாக்டரம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள், அவர் மடியில் கைப்பிள்ளை மாதிரிக் கிடந்த அந்த மாவுக்கட்டியின் துண்டை விலக்கினாள். பார்த்து அளப்பதற்கு உலகத்தில் இனி ஒன்றும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டாள், கட்டைவிரலை மேல்மூலையில் வைத்து விரலுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று பார்த்தாள், அப்புறம் கண்டக்டர் விசிலை ஊதிக்கொண்டே நிற்க, பஸ்ஸே எட்டிப் பார்க்க, அரத்தை எடுத்து நகத்தளவு ராவினாள், விரலால் தடவிப் பார்த்தாள், இன்னும் ஒரே ஒரு இழுப்பு ராவினாள், தூளை ஊதிவிட்டு, இறங்கிக்கொண்டாள்.